சாய்ந்த வயலின் நானூறு குழி

பனையூரணி
தாரண வருசம் ஐப்பசி 9

தங்கை மகள் உண்ணாமலைக்கு, தாய்மாமன் ஆத்மநாதன் சொல்ல மருத்துவச்சி ஆரோக்கியம்மாள் கையால் எழுதுவது. குடுமியான்மலையான் புண்ணியத்தில் இங்கே மழைக்குக் குறைவில்லை, எனக்கும் குறைவில்லை. திருச்சியில் வீட்டில் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

எந்த வருசம் என்று பின்னால் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. போன தையில் நம் ராஜா முழு அதிகாரம் ஏற்றார். சீமைச் சண்டை ஆறாம் வருசத்தில் நிற்கிறது. மண்ணெண்ணெய் சீட்டுக்குத்தான். அந்த வருசம்தான் ஆத்மநாதன் தன் கயிற்றைத் தானே பொய் என்று சொன்னான். இதை எழுதி வைத்துக்கொள்.

நாற்பத்தொரு வருசமாக இந்த ஊரில் வயல் அளக்கும் கயிறு என் கையில். எதிரும் புதிருமான இரண்டு பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கு, மற்ற இரண்டையும் அப்படியே செய், இரண்டு பாதியையும் பெருக்கு. வருவது குழி, ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரம் ஒரு குழி. என் அப்பன் சொன்னது, அவருக்கு அவர் அப்பன் சொன்னது.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால் நாகராசுக்கும் அவன் தம்பி பழனிச்சாமிக்கும் பாகம் பிரித்தேன். அண்ணன் வயல் நேராக நிற்பது. தம்பி வயல் வாய்க்காலோடு சாய்ந்து போவது. இரண்டுக்கும் நாலு பக்கமும் இருபது இருபது கோல். இரண்டும் நானூறு குழி என்றேன். பழனிச்சாமி செத்துவிட்டான். இந்தப் புரட்டாசியில் அவன் பெண்சாதி செவந்தி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்றை, இரண்டு வயலுக்கும் ஒரே கணக்காய் முடி கட்டி, ஒரே நடவுப் பெண்களை வைத்து நட்டாள். நாகராசு வயலில் நாற்று சரியாய்ப் போனது. இவள் வயலில் ஐந்தில் ஒரு பங்கு முடி வரப்பில் மிஞ்சிக் கிடந்தது.

அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். திட்டவில்லை. காட்டினாள், அவ்வளவுதான். அந்த வயலில் விளைவது அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் ஆனி தாண்டுவதில்லை. மறு பாகம் கேட்டால், வயலை விற்றுவிட்டுப் போ என்று நாகராசு சொல்கிறானாம்.

நான் ஊர்த்தலைவர் அம்பலத்திடம் போய் என் அளவு தப்பு என்றேன். அவர் கேட்டது இதுதான்: "அன்னைக்குச் சரின்னதும் நீங்கதான், இன்னைக்குத் தப்புன்னதும் நீங்கதான். எந்த வாய நாங்க நம்புறது?"

நியாயமான கேள்வி. ஆகவே என் வாயை நம்பாமலே விளங்குகிற மாதிரி ஒன்று வேண்டும். நீ பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். சொல்.

மாமன் ஆத்மநாதன்

*

திருச்சி
6-11-1944

என் தாய்மாமன் அவர்களுக்கு உண்ணாமலையின் வணக்கம். பதினோரு வருசத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம். நலம். ஆத்தாவுக்கு மழைக்காலத்து இருமல், மற்றபடி நடமாட்டம்தான்.

மாமா, நீங்கள் கேட்டது எட்டாம் வகுப்புப் பாடம். சாய்ந்த வயலுக்கு, ஒரு பக்கத்தின் நீளத்தை எதிர்ப்பக்கத்துக்குள்ள நேர்க்குத்தான தூரத்தால் பெருக்க வேண்டும். சாய்ந்த பக்கத்தால் பெருக்கக் கூடாது. புத்தகத்தில் அச்சிட்டே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பெயர்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்பலத்திடம் காட்டுங்கள், போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்ணாமலை

*

பனையூரணி
கார்த்திகை 5

மருமகளுக்கு மாமன் ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல்.

புத்தகத்தைக் காட்டினேன். நாகராசு சிரித்தான். "கயிறு சொன்னிச்சின்னீங்க, இப்ப காயிதம் சொல்லுதுங்கிறீங்க. நாளைக்குக் காக்கா சொல்லும்." அவன் என் எதிராளி, ஆனாலும் பேச்சில் பிசகில்லை. புத்தகத்துக்கு யார் சொன்னது? எழுத்தாயிருந்தால் மட்டும் தப்பு வராதா?

நானாக ஒன்று செய்தேன். ஒரே நீளத்தில் நாலு மூங்கில் குச்சி. நாலு முனையையும் கட்டினேன். நேராக நிறுத்தினால் நாகராசு வயல். ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினேன். சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன. நடுவில் ஒரு நெல் போட இடமில்லை. நாலு பக்கமும் அப்படியே இருக்கிறது, வயலைக் காணோம். கோயில் பொட்டலில் வைத்துத்தான் காட்டினேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நாகராசு என்ன சொன்னான் தெரியுமா? "செத்தவன் படுத்துக் கெடக்கான், சரி. தம்பி வயலு செவத்துல சாஞ்சவன் மாதிரி உக்காந்திருக்கு. அதுக்கும் உசிரு போயிருச்சா?" எல்லாரும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

குச்சி சொல்வது உண்மைதான், ஆனால் முழுசாகப் படுத்தால்தான் சொல்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் கொஞ்சம் குறையும் என்று எப்படிக் காட்டுவது? எந்தச் சாய்வுக்கும் நிற்க வேண்டும்.

மாமன்

*

திருச்சி
10-12-1944

மாமா அவர்களுக்கு வணக்கம். பரீட்சைத் தாள் திருத்துவதில் தாமதம். ஆத்தாவின் இருமல் பரவாயில்லை.

உங்கள் நாலு குச்சியை என் வகுப்பில் செய்து காட்டினேன். ஒரு மணி நேரம் பாடம் நடக்கவில்லை.

எந்தச் சாய்வுக்கும் நிற்பது இது, படமும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வயலின் அடிப்பக்கம் இருபது கோல். மேல்பக்கத்தின் இரண்டு முனையிலிருந்தும் அடிக்கோட்டுக்கு நேர்க்குத்தாக இறக்குங்கள். ஒரு கோடு வயலுக்குள் விழும், மற்றது வயலுக்கு வெளியே விழும். உள்ளே விழுந்த கோடு ஒரு முக்கோணத்தை வெட்டும். அதை எடுத்து மறு முனையில் ஒட்டுங்கள். கச்சிதமாகப் பொருந்தும். இப்போது வயல் நேராகிவிட்டது. நீளம் இருபது கோல். அகலம் நேர்க்குத்துக் கோடு. நேர்க்குத்து எப்போதும் சாய்வை விடக் குட்டை. ஆகவே நானூறு வராது.

அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒன்றையொன்று நெருங்காமல் விலகாமல் போகின்றன என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும்.

உண்ணாமலை

*

பனையூரணி
மார்கழி 4

அம்மாடி உண்ணாமலை, நீ அனுப்பியதை ஆரோக்கியம்மாள் ஏழு தரம் படித்தாள். மனசில் ஏறிவிட்டது. ஒரு இடத்தைத் தவிர.

பார்த்தாலே தெரியும் என்கிறாய். பார்த்தால் தெரியும் என்றுதானே நானும் நாற்பத்தொரு வருசம் கயிறு பிடித்தேன்? அந்த இரண்டு பக்கமும் கொஞ்சம் நெருங்கிப் போனால் என்ன ஆகும்? உன் முக்கோணம் மறு முனையில் ஒட்டாது. நாகராசு அந்த ஓட்டையில்தான் கை வைப்பான். நானாயிருந்தால் அங்கேதான் வைப்பேன். நாலு பக்கமும் இருபது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதிலிருந்து நெருங்காது என்பது எப்படி வருகிறது? வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல், கோபமில்லை.

இன்னொன்று. உன் படத்தில் அ, ஆ, இ, ஈ என்று மூலைக்குப் பேர் வைத்திருக்கிறாய். எனக்கு அது நாலும் ஒரே பூச்சி. வயலுக்கு நாலு முக்கு உண்டு. வடமேற்கில் பனை, வடகிழக்கில் கல், தென்கிழக்கில் புளி, தென்மேற்கில் மடை. அந்தப் பேரில் எழுது.

பனி அதிகம், எல்லாரும் பத்திரம்.

மாமன்

*

திருச்சி
21-1-1945

மாமா அவர்களுக்கு வணக்கம். பொங்கல் ஆயிற்று.

ஒரு மாதம் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்பதே தெரியாமல் ஒன்பது வருசம் பாடம் நடத்தியிருக்கிறேன். பள்ளியில் நிரூபணத்தை வரி வரியாய் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கினேன், இப்போது என் பிள்ளைகளையும் அப்படியே வாங்க வைக்கிறேன். எந்த வரி எந்த வரியின் மேல் நிற்கிறது என்று நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. பழைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

ஒன்று. மூன்று குச்சியைக் கட்டினால் அசையாது. நாலு குச்சிதான் சாயும். ஆகவே மூன்று பக்கமும் ஒத்த இரண்டு முக்கோணம் எல்லா விதத்திலும் ஒத்தவை. இதை நாம் அடிக்கல்லாக வைக்கிறோம். எங்கேயாவது ஓர் அடிக்கல் வேண்டும், யாரும் மறுக்க மாட்டாத கல்லாக இருக்க வேண்டும்.

இரண்டு. மடையிலிருந்து கல்லுக்குக் குறுக்கே கயிறு கட்டுங்கள். வயல் இரண்டு முக்கோணம் ஆகிறது. ஒன்றில் மடை, புளி, கல். மற்றதில் கல், பனை, மடை. வரப்புகள் எல்லாம் இருபது, குறுக்குக் கயிறு இரண்டுக்கும் பொது. ஆகவே இரண்டும் ஒத்தவை.

மூன்று. ஒத்தவையாதலால், குறுக்குக் கயிற்றுக்கும் புளி வரப்புக்கும் மடையில் எவ்வளவு திறப்போ, அதே திறப்புத்தான் குறுக்குக் கயிற்றுக்கும் பனை வரப்புக்கும் கல்லில். ஒரே கயிற்றின் இரு முனையில் எதிரெதிராக ஒரே திறப்பு. அப்படிக் கிளம்பும் இரண்டு வரப்பு நெருங்கவும் முடியாது, விலகவும் முடியாது.

நாலு. இனி முன்பு எழுதியது போல வெட்டி ஒட்டலாம். பார்த்தால் தெரியும் என்பதற்கு இனி எங்கும் வேலையில்லை.

இதை எழுதி முடித்துச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ஆத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "இது எந்த வயலு?" என்று கேட்டார். செவந்தி வயல் என்றேன். மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

உண்ணாமலை

*

பனையூரணி
தை 20

மருமகளே, நீ கிழித்த மூன்று தாளுக்கும் புண்ணியம் உண்டு. நாலு படியும் எனக்குப் பாடம். மேலிருந்து கீழும் சொல்வேன், கீழிருந்து மேலும் சொல்வேன், நடுவில் எழுப்பிவிட்டாலும் சொல்வேன். பங்குனியில் ஊர்க்கூட்டம் வைத்து இதைக் கேட்பதாக அம்பலம் சொல்லியிருக்கிறார். நான் நலம்.

ஒன்று கேட்க வேண்டும். இதில் மடை, புளி, கல், பனை என்று வருகிறதே. இது செவந்தி வயலுக்கு மட்டும்தானா?

மாமன்

இது ஆரோக்கியம்மாள் எழுதுவது. பெரியவருக்குப் படித்துக் காட்டாமல் சேர்க்கிறேன். நலம் என்று சொல்லச் சொன்னார், எழுதினேன். ஆனால் அறுப்பு முடிந்து களத்தில் கயிற்றுக்காரருக்கு வைக்கும் நெற்கட்டை இந்த வருசம் ஒருத்தரும் வைக்கவில்லை. இந்தக் கயிறு பொய்யென்றால் ஊரில் யார் வரப்பும் நிலைக்காது என்ற பயம். செவந்தி தன் கட்டைக் கொண்டுவந்தாள். எதிராளிகள் பேசுவார்கள் என்று அதையும் திருப்பிவிட்டார். ஒருவேளைக் கஞ்சிதான். உங்களுக்குத் தெரியட்டும்.

*

திருச்சி
9-2-1945

மாமா அவர்களுக்கு வணக்கம். இத்துடன் ஒரு ஆள் மூலமாக அரை மூட்டை அரிசி வருகிறது. யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டாம். திருப்பி அனுப்பினால் நானும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

உங்கள் கேள்விக்கு: செவந்தி வயலுக்கு மட்டும் இல்லை. நாலு படியையும் மறுபடி சொல்லிப் பாருங்கள். புளி காய்த்ததா, பனை எத்தனை உயரம் என்று எங்கேயாவது கேட்டிருக்கிறோமா? இருபது கோல் என்பதைக்கூடக் கேட்கவில்லை, நாலும் சமம் என்பதை மட்டும் கேட்டோம். மரத்தை வெட்டிவிட்டாலும் படி நிற்கும். நாலு பக்கமும் சமமாய், சாய்ந்து கிடக்கிற எந்த வயலுக்கும், எந்த ஊரிலும், எவர் கயிறு பிடித்திருந்தாலும் இது பொருந்தும். அதுதான் நிரூபணத்தின் பலம்.

பங்குனிக் கூட்டத்துக்கு முன் எழுதுங்கள்.

உண்ணாமலை

*

திருச்சி
20-3-1945

மாமா அவர்களுக்கு. ஆறு வாரமாகத் தகவல் இல்லை. அரிசி சேர்ந்தது என்று ஆள் சொன்னார், நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். உடம்புக்கு என்ன? நான் எழுதியதில் தப்பு ஏதும் இருந்ததா? இருந்தால் எந்தப் படி என்று சொல்லுங்கள்.

ஆத்தாவுக்கு இப்போது இருமல் இல்லை. நீங்கள் ஒரு கடிதத்திலும் உங்கள் தங்கையான ஆத்தாவைப் பேர் சொல்லி விசாரிக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கவனித்தேன்.

உண்ணாமலை

*

பனையூரணி
பங்குனி 28

மருமகளுக்கு. உன் படியில் தப்பு இல்லை. தப்பு இல்லாததுதான் சங்கடம். அதை அப்புறம் சொல்கிறேன்.

நேற்று அய்யனார் கோயில் பொட்டலில் கூட்டம். ஆண்டியப்ப அம்பலம் நடுவில் இருந்தார். நான் சுண்ணாம்பில் வயலைப் போட்டேன். நாலு முக்கிலும் நாலு பொருள் வைத்தேன், பனைக்கு ஒரு மட்டை, புளிக்கு ஓர் ஓடு, அப்படி. முதல் படியில் மூன்று குச்சியைக் கட்டி நாகராசு கையிலேயே கொடுத்து, சாய்த்துப் பார் என்றேன். முழங்காலில் வைத்து அமுக்கினான். குச்சி ஒடிந்தது, சாயவில்லை. அம்பலம், "ஒடியுது, வளைய மாட்டேங்குதே," என்று தலையாட்டினார். அடிக்கல் ஊன்றியாயிற்று.

இரண்டாம் படியில் நாகராசு எழுந்தான். "நிறுத்துங்க. குறுக்குக் கயிறு ரெண்டு துண்டுக்கும் ஒரே நீளம்னு யாரு அளந்தா?"

"ஒரு கயிறுதானப்பா கட்டியிருக்கு," என்றேன். "இங்கிட்டு நின்னு பாத்தாலும் அதுதான், அங்கிட்டு நின்னு பாத்தாலும் அதுதான்."

அவன் தம்பி முறைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் கறுத்தது. பழைய பேச்சை எடுத்தான்: அன்றைக்கு நானூறு என்று சத்தியம் செய்த கிழவன் இன்றைக்குச் சொல்வதை எப்படி எடுப்பது, செவந்தி வீட்டுக் கஞ்சி பேசுகிறது என்றான்.

நான் சொன்னது இது. "என்னைய நம்ப வேணாம். நான் பொய்யன்னே வச்சுக்க. பொய்யன் சொன்னாலும் இது நிக்கிதா விழுகுதான்னு மட்டும் பாரு. எந்தப் படியில விழுகுதோ அங்க கைய வையி. நிறுத்திக்கிறேன்."

வெயில் ஏறும்வரை பார்த்தான். வேறு நாலு பேரும் பார்த்தார்கள். ஒருத்தரும் கை வைக்கவில்லை. கடைசியில் முக்கோணத்தை வெட்டி ஒட்டி, நேர்க்குத்தை வயலிலேயே போய் அளந்தோம். அளவுகோலை நாகராசுதான் பிடித்தான். பதினாறு கோல். முந்நூற்றிருபது குழி. எண்பது குழி பதினெட்டு வருசமாய் இல்லாத வயலில் இருந்திருக்கிறது. நாகராசு வரப்பிலிருந்து நாற்பது குழி செவந்திக்கு விட வேண்டும் என்று தீர்ப்பு. செவந்தி அங்கேயே நின்று வரப்பு வெட்டினாள். மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை.

பிறகு அம்பலம் என்னிடம், கயிற்றைக் கோயிலில் ஒப்படைத்துவிடுங்கள், இது செவந்தி வயலோடு முடியட்டும், மற்ற வயல்களை இழுத்துப் போட்டு ஊரைக் கலைக்க வேண்டாம் என்றார். கயிற்றைக் கொடுத்துவிட்டேன். முடியட்டும் என்பதற்கு மட்டும் சரி என்று சொல்லவில்லை. "படியில புளியமரம் இல்லீங்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

மாமன்

*

திருச்சி
19-4-1945

மாமா அவர்களுக்கு வணக்கங்கள் பல. கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புக்கும் படித்தேன். ஒரு பெண் எழுந்து, பொய்யன் சொன்னாலும் நிற்பதுதான் நிரூபணமா டீச்சர் என்று கேட்டாள். ஆமாம், கரும்பலகையில் எழுது என்றேன்.

வீட்டிலும் படித்தேன். ஆத்தா கடைசிவரை கேட்டார். பிறகு தான் ஒன்று கேட்டார், அதை அப்படியே எழுதச் சொன்னார்: "மத்த சாஞ்ச வயலெல்லாம் ஒங்க மாமனுக்கு ஞாபகம் இருக்கான்னு கேளு."

ஏன் என்று கேட்டேன், அவரையே கேள் என்றார். நீங்கள் சொல்லுங்கள்.

உண்ணாமலை

*

பனையூரணி
பார்த்திப வருசம் சித்திரை 16

உண்ணாமலைக்கு. ஞாபகம் இருக்கிறது. எனக்கு எழுத்துத்தான் இல்லை.

ஆறு வாரம் நான் எழுதாததற்கு இதுதான் காரணம். எந்த வயலுக்கும், எவர் கயிறு பிடித்திருந்தாலும் என்று நீ எழுதிய அன்று, நான் பிடித்த சாய்ந்த வயல்களை எண்ண ஆரம்பித்தேன். ஏழு. ஊர் வேண்டாம் என்கிறது. அம்பலம் நேற்றும் ஆள் விட்டார். என் வாயை அடைக்கலாம், நாலு படியை அடைக்க முடியாது. ஆகவே ஏழையும் சொல்கிறேன், ஆரோக்கியம்மாள் எழுதுகிறாள், இதன் நகல் ஒன்று அம்பலத்துக்கும் போகிறது.

முதல் வயல் திருப்பதியினுடையது, ஊரணிக்குக் கிழக்கே. குறைகிறது என்று ஒரு தரம் கேட்டார், நான் முறைத்தேன், மறுபடி கேட்கவில்லை. காலராவில் போனார், வாரிசு இல்லை. இரண்டாவது மதுரைவீரனுடையது. அவர் பினாங்குக்குப் போய் அங்கேயே இறந்தார். மூன்றாவது சொர்ணம். நாலு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள், வயலை விற்றாள், போன ஆடியில் செத்தாள். நாலாவது ராமு. பாம்பு. ஐந்தாவது செங்கமலம், என் கயிற்றைக் கும்பிட்டுவிட்டு வயலில் இறங்கியவள். அவளும் இல்லை. ஆறாவது பழனிச்சாமி. அதைத்தான் நீ நேராக்கினாய்.

ஏழாவதுதான் நான் கயிறு பிடித்த சாய்ந்த வயல்களில் முதலாவது. முப்பத்தெட்டு வருசம் ஆகிறது. அப்பன் தன் நிலத்தில் ஒரு பாதியை மகளுக்குக் கல்யாணச் சீராக, மஞ்சக்காணியாகக் கொடுத்தார், மறு பாதி மகனுக்கு. மகன்தான் அளந்தான். நேராக இருந்ததை மகன் எடுத்துக்கொண்டான், சாய்ந்ததை மகளுக்கு விட்டான். இரண்டும் சமம் என்றான். அவள் முதல் நடவிலேயே நாற்று மிஞ்சுகிறது என்றாள். கயிறு பொய் சொல்லாது, உன் புருசன் வீட்டார் பேச்சைக் கேட்டுக்கொண்டு கூடப்பிறந்தவனைத் திருடன் என்கிறாயா என்று, ஊர் கேட்கப் பேசினான். அவள் அந்த வயலை வந்த விலைக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனாள். நேரான பாதி இன்னும் என் பேரில் இருக்கிறது. அதை நேற்று அளந்தேன். கயிறு இல்லாததால் சாரக்கட்டு மூங்கிலால் அளந்தேன். அவளுக்குச் சேர வேண்டியதைக் கல் நட்டுப் பிரித்துவிட்டேன். அம்பலம் பிடுங்கினால் மறுபடி நடுவேன்.

குறைந்த வயலை வாங்கிக்கொண்ட ஏழு பேரில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்திதான். என் கூடப் பிறந்தவள், முத்துமாரியம்மாள்.